பாபோஸ் காட்டுச் சாலையில் எதிர்ப்பட்டவை

காட்டுச் சாலைகளில் மிதிவண்டியில் செல்லும்போது எதிர்ப்பட்ட விலங்குகளைப் பற்றி நண்பர்கள் எழுதுவதை விடாமல் வாசித்துவருகிறேன். ஆல்ப்ஸ், பிரனீஸ் மலைகளின் புகழ்பெற்ற ஏற்றங்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். சைப்ரஸ் தீவின் மேற்கே, த்ரோடோஸ் மலைத்தொடரின் சரிவுகளில் ஏறத்தாழ 60,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்துகிடக்கும் பாபோஸ் காட்டைப் பற்றி யாரும் எழுதக் காணோம் என்பதால் என் அனுபவத்தைப் பதிவுசெய்கிறேன். சாலை மிதிவண்டி ஓட்டுபவர்கள் ஒருமுறையாவது செல்லவேண்டிய காடு அது. ஆனால் அங்கே இறக்கத்தில் எப்படி ஓட்டவேண்டும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு செல்வது ஓட்டுபவருக்கும் நல்லது, அந்தக் காட்டுக்கும் நல்லது.

நானும் ஒரு நண்பரும் மார்ச் மாத இறுதியில், பனாயியா கிராமத்திலிருந்து புறப்பட்டு, சீடர் என்னும் ஊசியிலை மரங்கள் நிறைந்த சீடர் பள்ளத்தாக்கு வழியாகக் கிக்கோஸ் மடாலயத்துக்கு ஏறினோம். சைப்ரஸின் முதல் குடியரசுத் தலைவரான பேராயர் மூன்றாம் மக்காரியோஸ் 1913இல் பிறந்த ஊர் பனாயியா. அவருடைய கல்லறை கிக்கோஸ் மடாலயத்துக்கு மேலே உள்ள குன்றில் இருக்கிறது. 1878 முதல் 1960 வரை பிரிட்டிஷார் ஆண்ட தீவு என்பதால் இன்றும் அங்கே இடப்புறமாகத்தான் வண்டி ஓட்டுகிறார்கள். நம்மவர்களுக்கு அதில் தடுமாற்றம் இராது. சாலை ஒடுக்கமானது, ஊரைத் தாண்டிவிட்டால் கடை கண்ணி எதுவும் கிடையாது, வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்பது பெரும்பாலான இடங்களில் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். த்ரோடோஸ் மலை முழுவதும் ஒரு காலத்தில் கடலடித் தரையாக இருந்து, ஆப்பிரிக்க, யூரேசிய நிலத்தட்டுகள் மோதியதால் மேலெழுந்தது. பாபோஸ் காட்டின் பெரும்பகுதி டயபேஸ் என்னும் கரும்பாறையின் மேல் நிற்கிறது. விரிசல் மிகுந்த அந்தப் பாறை மழைக்கும் பனிக்கும் உதிர்ந்து, கூர்மையான சில்லுகளாகச் சாலையின் உள்விளிம்பில் வந்து குவிகிறது. உள்வளைவை ஒட்டித் திரும்பும் பழக்கம் உள்ளவர்கள் அதை அங்கே விட்டுவிடவேண்டும். 28 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறைந்த டயரோடு செல்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தாழ்ந்த சரிவுகளில் பைன் மரங்கள்தான் அதிகம். வெயில் ஏற ஏற அவற்றின் பிசின் மணம் மூச்சோடு கலந்துவிடுகிறது. அவற்றின் கீழே, இலையின் அடிப்புறம் பொன்னிறமாக மின்னும் ஓக் மரங்கள் புதர்போல அடர்ந்திருக்கின்றன. சைப்ரஸில் மட்டுமே இயற்கையாக வளரும் இந்தப் பொன்னிலை ஓக்தான் அந்நாட்டின் தேசிய மரம். 1,362 மீட்டர் உயரமுள்ள திரிபிலோஸ் சிகரத்தின் சரிவுகளை எட்டும்போது சீடர் மரங்கள் தொடங்குகின்றன. நம் இமயத்துத் தேவதாருவின் இனத்தைச் சேர்ந்த மரம்தான் என்றாலும், இந்தக் குட்டை ஊசியிலைச் சீடர் உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. இந்த ஒரு காட்டில் மட்டுமே நிற்கிறது. அடுக்கடுக்காகக் கிளை விரித்து நிற்கும் அந்த மரங்களுக்கிடையே, ஏற்றத்தில் மிக மெதுவாகச் செல்லும்போதுதான் அவற்றைக் கண்டேன்.

முதலில் கேட்டது கற்கள் உருளும் ஓசை. மேல்சரிவிலிருந்து செம்பழுப்பு நிற ஆடு ஒன்று சாலையோரம் வந்து நின்று எங்களைப் பார்த்தது. அங்குள்ளவர்கள் அக்ரினோ என்று அழைக்கும் சைப்ரஸ் காட்டுச் செம்மறி அது. கொம்பில்லாத பெட்டை. நாங்கள் மிதிப்பதை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டோம். சிறிது நேரம் அசையாமல் நின்ற அது சாலையைக் கடந்து கீழ்ச்சரிவில் இறங்கியது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் மற்றொன்று எனக் கூட்டம் முழுவதும் ஒற்றை வரிசையாகக் கடந்தது. கடைசியில், அரிவாள்போலப் பின்னோக்கி வளைந்த கொம்புகளோடு ஓர் இளங்கிடா, எங்களைச் சிறிதும் பொருட்படுத்தாமல் நடந்து சென்றது. வெகுநேரம் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் காட்சி கிடைத்ததே பெரும்பேறு என்பது அவற்றின் வரலாற்றைப் படித்த பிறகுதான் முழுமையாக விளங்கியது. புதிய கற்காலத்தில் மனிதர்கள் கொண்டுவந்து, பின்னர் காட்டில் பெருகிய இனம் அது. இடைக்காலப் பிரபுக்கள் வேட்டை நாய்களோடு துரத்திய காலத்தில் தீவெங்கும் நிறைந்திருந்தது. துப்பாக்கியும் பெருகிய வெள்ளாட்டு மந்தைகளும் சேர்ந்து அதை ஒடுக்க, 1930களின் பிற்பகுதியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆடுகள் மட்டுமே எஞ்சியிருந்தன. 1939இல் பாபோஸ் காடு முழுவதையும் வேட்டை விலக்கப்பட்ட காப்பிடமாக அறிவித்து, மேய்ச்சல் வெள்ளாடுகளையும் வெளியேற்றினார்கள். இன்று அந்த இனம் ஆயிரக்கணக்கில் பெருகியிருக்கிறது. அந்நாட்டின் சிறிய யூரோ நாணயங்களில் அதன் உருவம் இடம்பெற்றிருக்கிறது. ஓர் அரசு உறுதியோடு ஒரு முடிவெடுத்தால் ஓர் உயிரினத்தை மீட்டுவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கிக்கோஸிலிருந்து அதே வழியில் இறங்கினோம். மடாலயத்துக்கு அருகில் பேசக் கிடைத்த வனத்துறை ஊழியர் ஒருவர் சொன்ன அறிவுரையை இருவரும் மனத்தில் வைத்திருந்தோம்: “ஓர் ஆடு கடந்துவிட்டதென்று பிரேக்கை விட்டுவிடாதீர்கள், அடுத்தது புதருக்குள் நின்றுகொண்டிருக்கும்.” ஏற்றத்தில் மிதிவண்டியின் அமைதி நமக்கு வரம், இறக்கத்தில் அதே அமைதிதான் ஆபத்து. காரின் எஞ்சின் ஓசையை ஆடுகள் இரண்டு வளைவுக்கு முன்பே கேட்டு விலகிவிடுகின்றன. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் மிதிவண்டியோ நொடிக்கு 14 மீட்டர் நகர்கிறது. அதன் வருகையை அவை உணரும்போது இரு தரப்புக்கும் நேரம் இருப்பதில்லை. ஆகவே மறைவளைவு ஒவ்வொன்றிலும் மணியடித்தோம், நேர்ச்சாலையில் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தொலைவைக் கணக்கிட்டே வேகம் எடுத்தோம். மிதிக்காமல் உருளும்போது பின்சக்கரத்திலிருந்து எழும் கிளிக் ஓசையும் நல்ல எச்சரிக்கைதான். என் நண்பரின் வண்டியில் அது உரக்கக் கேட்கும் என்பதால் அவரையே முன்னால் அனுப்பினேன். பாதி இறக்கத்தில் கிடா ஒன்று மேல்கரையிலிருந்து சாலைக்கு நடுவே குதித்தது. நண்பர் பதறாமல் வேகத்தைக் குறைத்து நின்றார். ஊழியர் சொன்னபடியே, சற்று நேரம் கழித்து இரண்டாவது கிடா குதித்தது. முதலாவது போனதும் கிளம்பியிருந்தால் நடுச்சாலையில் மோதியிருப்போம்.

மறுமொழி

அண்ணா, வணக்கம். நீங்கள் எழுதியதை வாசித்தபோது, சைப்ரஸின் லிமாசோல் நகரில் வேலை பார்த்த நாட்களில் அதே காட்டில் ஓட்டியது அப்படியே கண்முன் வந்தது. நான் பெரும்பாலும் ஸ்தாவ்ரோஸ் திஸ் ப்சோகாஸ் வன நிலையத்தை நோக்கிச் செல்வேன். அங்கே வேலியிட்ட பெரிய பரப்பில் அக்ரினோக்களை வைத்திருக்கிறார்கள். சாலையில் காணும் வாய்ப்புக் கிடைக்காதவர்கள் அங்கே நிதானமாகப் பார்க்கலாம். ஆனாலும் நீங்கள் கண்டதுபோலத் திறந்த சரிவில் காண்பதற்கு அது ஈடாகாது.

நீங்கள் குறிப்பிடாத ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் மழுங்கு மூக்கு விரியனைச் சாலையில் காண நேரிடும். நம் ஊர்க் கண்ணாடி விரியனுக்கு உறவான கொடிய நச்சுப்பாம்பு அது. காலையில் சூடேறும் தாரின் மேல் படுத்து வெயில் காயும். சாம்பல் நிறத்தில் இருப்பதால் உதிர்ந்த கிளையோ என்று தோன்றும். மணியடித்தால் ஆடு விலகும், பாம்பு விலகாது. மெல்லிய ரப்பர்ச் சக்கரம் தரையில் எழுப்பும் அதிர்வும் மிகச் சிறிதுதான். நான் கண்டபோது போதிய தொலைவில் நின்றுவிட்டேன். அது தானாகப் புல்லுக்குள் நகர்ந்து செல்லும்வரை காத்திருந்தேன். பஞ்சர் ஒட்டுவதற்காகச் சாலையோரப் புல்லில் அமர்பவர்கள் முதலில் அந்த இடத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கோடையில் செல்ல நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1974ஆம் ஆண்டு துருக்கி படையெடுத்துவந்த போரின்போது குண்டுவீச்சால் பற்றிய தீ அந்தக் காட்டில் பெரும் பரப்பை எரித்துவிட்டது. இன்று நாம் காணும் பைன்களில் பல அதற்குப் பிறகு நட்டு வளர்த்தவை. வெயிலில் காய்ந்த பைன் ஊசிகளுக்கு ஒரு பொறி போதும். காட்டுக்குள் புகையைக் கண்டால் 1407 என்ற எண்ணில் வனத்துறையை அழைக்கவேண்டும். அந்த எண்ணைப் புறப்படும் முன்பே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால், மேடான வளைவை அடைந்ததும் அழைப்பதுதான் சரி. நீங்கள் சென்ற சாலையில் தண்ணீர் எங்கே நிரப்பினீர்கள், அண்ணா? ஸ்தாவ்ரோஸ் நிலையத்திலும் வனத்துறையின் உணவருந்தும் இடங்களிலும் குழாய்கள் உண்டு, கிக்கோஸ் பக்கம் நான் போனதில்லை. அடுத்த வசந்தத்தில் அந்த வழியாகச் செல்லத் திட்டமிட்டிருக்கிறேன்.