ஃபீடு உடைஞ்சதை உங்களுக்கு யார் சொன்னாங்க?

பழையபிஎச்பி:

போன மாசம் ஒரு வாசகர்கிட்டேருந்து மெயில். "மூணு வாரமா ஒண்ணும் எழுதலையே சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?" அந்த மூணு வாரத்துல நான் ஆறு பதிவு போட்டிருக்கேன். தளத்தைப் பார்த்தா ஜம்முனு இருக்கு. புதுப் பதிவை வாசகரோட ரீடர் செயலிக்குக் கொண்டுபோற கோப்பு, அதான் ஃபீடு, அதைத் திறந்தாத்தான் தெரிஞ்சுது, எக்ஸ்எம்எல் பார்சிங் எரர், அதாவது அந்தக் கோப்பைப் படிக்கவே முடியலை.

நானே வரவழைச்சுக்கிட்டதுதான். ஃபீடுல முழுப் பதிவும் போயிட்டிருந்துச்சு. அதை அப்படியே உருவித் தன் தளத்துல போட்டுக்கிற ஆளுங்க தொல்லை தாங்காம, முன்னோட்டம் மட்டும் போதும்னு மாத்தினேன். முகப்புப் பக்கத்துல சப்ஸ்டர்ங்கிற பிஎச்பி கட்டளையை வெச்சு முதல் 200ஐ வெட்டுற வரி ஒண்ணு ஏற்கெனவே இருந்துச்சு, அதையே எடுத்துப் போட்டேன். சப்ஸ்டர் எண்ணுறது எழுத்தை இல்லை, பைட்டை. எழுத்தைப் பைட்டாச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில 'க'வுக்கு மூணு பைட், அதுமேல ஏறுற புள்ளிக்கோ காலுக்கோ இன்னொரு மூணு, இடைவெளிக்கு மட்டும் ஒண்ணு. வெட்டு எழுத்தோட நடுவயித்துல விழுந்தா அரை எழுத்து மிஞ்சும். எத்தனை இடைவெளி இருக்குங்கிறதைப் பொறுத்து சில பதிவு தப்பிக்கும், சிலது மாட்டும். சோதனைத் தளத்துல நான் வெச்சிருந்த ஒரே பதிவு தப்பிச்ச ரகம்!

கொடுமை என்னன்னா, முகப்புல அதே அரை எழுத்து கறுப்பு வைரத்துக்குள்ள கேள்விக்குறியாப் பல வருஷமாத் தெரிஞ்சிருக்கு. ஃபாண்ட் கோளாறுன்னு நினைச்சு விட்டுட்டேன். எச்டிஎம்எல் அதைச் சகிச்சுக்கும். எக்ஸ்எம்எல்லுக்கு அந்த தயவுதாட்சண்யம் கிடையாது, ஒரு பைட் தப்புன்னா அங்கேயே நின்னுடும்.

இப்போ பைட்டை எண்ணாத எம்பி-சப்ஸ்டர் போட்டாச்சு. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கா?

மழைக்கால்:

அண்ணா, எம்பி-சப்ஸ்டரோட நிறுத்திடாதீங்க. அது யூனிகோட் குறியைத்தான் எண்ணும், 'மி'யில ம ஒண்ணு, மேல இருக்கிற கொக்கி ஒண்ணு. 'தமிழ்' நமக்கு மூணு எழுத்து, அதுக்கு அஞ்சு. ஃபீடு உடையாது, தமிழ் உடையும். எங்க செய்தித் தளத்துல 'சென்னையில் மழை'ங்கிற தலைப்பு வெட்டுப்பட்டு 'சென்னையில் மழ…'ன்னு வந்துச்சு. ஒரே வெட்டுல மலையாளம். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு "எப்போ கேரளப் பதிப்பு ஆரம்பிச்சோம்"னு கேட்டார். நாம பார்க்கிற முழு எழுத்தை எண்ணுற கிராஃபீம்-சப்ஸ்டர் இருக்கு, அதைப் போடுங்க. 'க்ஷ', 'ஸ்ரீ' ரெண்டும் அதுலயும் பிளக்கும், அதை நான் கண்டுக்கலை.

ஓடைக்காரி:

(ஃபீடை நான் ஓடைன்னுதான் சொல்வேன், கேலி பண்ணாதீங்க.) என்னோடது வேற கதை. தளத்தோட முகவரியை எச்டிடிபிலேருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாத்தினப்போ டேட்டாபேஸ்ல பழைய முகவரியைத் தேடி மொத்தமா மாத்தினேன். ஓடையில ஒவ்வொரு பதிவுக்கும் ஜியுஐடின்னு ஒரு அடையாளம் இருக்கே, அதுவும் சேர்ந்து மாறிடுச்சு. பார்க்க முகவரி மாதிரியே இருந்தாலும் அது முகவரி இல்லை, ஆதார் எண் மாதிரி, பிறந்ததுலேருந்து ஒண்ணுதான். மாறினா ரீடர் செயலிக்கு அது புதுப் பதிவு. ஓடையில இருந்த அத்தனையும் எல்லாருக்கும் திரும்பப் போச்சு. ஆடி மாசத்துல என் பொங்கல் வாழ்த்து. நாலஞ்சு பேர் பதில் வாழ்த்தும் சொன்னாங்க!

சர்வர்சாமி:

நம்மது வேகப் பிரச்சினை. கையால எழுதின ஃபீடு, யார் கேட்டாலும் ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸ்ல தேடி முழுசாத் தயாரிச்சு அனுப்பிட்டிருந்தேன். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிற ஒரு செயலி ஒரு நாளைக்கு 96 தடவை வரும். நான் எழுதுறதோ வாரத்துக்கு ஒண்ணு. ஈடேக், அதாவது கோப்பு மாறியிருக்கான்னு காட்டுற அடையாளக் குறி, அதைச் சேர்த்து, மாறலைன்னா 304ஓட ('மாறலை'ங்கிற பதில்) திருப்பி அனுப்பினதும் சர்வர் அடங்கிடுச்சு.

மழைக்கால்:

சாமி, ஈடேக்கை எதை வெச்சுச் செய்யறீங்க? கோப்புக்குள்ள 'இப்போதைய நேரம்' போட்டுட்டு மொத்தத்தையும் ஹேஷ் பண்ணி ஒரு குறியாச் சுருக்கினா ஒவ்வொரு தடவையும் மாறுமே.

சர்வர்சாமி:

அதைத்தான் முதல் ரெண்டு நாள் பண்ணினேன். ஏன் கேட்கறீங்க. இப்போ கடைசிப் பதிவு திருத்தின நேரம்.

திண்ணை:

எல்லாரும் ஓடை அனுப்புற கதை சொல்றீங்க, நான் வாங்கி மாட்டினவன். நண்பர்கள் வலைப்பூவுக்காக, எல்லா ஓடையையும் ஒரே பக்கத்துல காட்டுற ஒரு சின்னத் திரட்டி நடத்தினேன். வர்ற முன்னோட்டத்தை எச்டிஎம்எல் டேக்கை நீக்குற ஸ்ட்ரிப்-டேக்ஸ் வெச்சு வடிகட்டி, இணைப்பும் படமும் மட்டும் அனுமதிச்சிருந்தேன். அது டேக் பேரைத்தான் பார்க்கும், உள்ளே இருக்கிற ஆன்எரர் (படம் வரலைன்னா ஸ்கிரிப்டை ஓட்டுறது), ஆன்மவுஸ்ஓவரையெல்லாம் தொடாது. பிஎச்பி கையேட்டுலயே எச்சரிக்கை போட்டிருக்கான், படிச்சாத்தானே. ஒரு நண்பரோட வலைப்பூவுக்குள்ள எவனோ புகுந்து, இல்லாத படம் ஒண்ணை வெச்சு ஆன்எரர்ல ஸ்கிரிப்டைச் சொருகிட்டான். என் திரட்டிக்கு வந்தவங்க எல்லாம் சூதாட்டத் தளத்துக்குப் போனாங்க. நண்பர்தான் எதிரின்னு எந்த நிரல்ல எழுதுறது? இப்போ ஆபத்தானதை நீக்குற எச்டிஎம்எல் பியூரிஃபையர் வழியாத்தான் எதுவும் உள்ளே வரும். எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம்னு உலாவிக்குச் சொல்ற சிஎஸ்பியும் போட்டு வெளி ஸ்கிரிப்டுக்குக் கதவைச் சாத்தியாச்சு.

பழையபிஎச்பி:

கிராஃபீம்-சப்ஸ்டர் வேலை செய்யுது தம்பி, நன்றி. திண்ணை சொன்னதைப் படிச்சுட்டு என் பக்கப்பட்டையில ஓடுற மூணு ஓடையையும் இப்போதைக்கு நிறுத்திட்டேன். மெயில் போட்ட வாசகருக்கும் நேத்துதான் பதில் எழுதினேன்: உடம்பு நல்லாத்தான் இருக்கு, விட்ட ஆறும் இன்னைக்கு வந்து சேரும்.