டர்போ லேக்: பின்தங்கலா, தயக்கமா, சுணக்கமா?

அன்புள்ள குழுவினருக்கு,

டர்போ எஞ்சினுக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் மற்றவையெல்லாம் ஓரளவு படிந்துவிட்டன. "டர்போ லேக்" மட்டும் இன்னும் இழுபறியில் கிடக்கிறது. இதுவரை வந்தவை: சுழலித் தாமதம், பின்னடைவு, பின்தங்கல், தயக்கம், மந்தம். நான் ஆறாவதாக ஒன்றை வைக்கிறேன்: சுணக்கம். கூடவே ஒரு நிபந்தனையும் உண்டு. லேக் என்று பேச்சில் ஓடுவது ஒரு பொருள் அல்ல, இரண்டு. அவற்றைப் பிரிக்காமல் எந்தச் சொல்லைப் போட்டாலும், டியூனிங் பற்றித் தமிழில் நாலு வரி எழுதுவதற்குள் குழப்பம் வந்துவிடும்.

> அண்ணா, எளிமையாகச் சொன்னால் பெடலை மிதித்ததும் வண்டி யோசிக்கிறது. அவ்வளவுதானே?

அவ்வளவுதான் தம்பி. ஆனால் எதனால் யோசிக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு விசையாழிச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. 1905இல் ஆல்ஃபிரட் பூஹி காப்புரிமை பெற்ற காலத்திலிருந்து அடிப்படை இதுதான். கார் டர்போக்களில் அந்தத் தண்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று அளவில் ஓடினால்தான் உருப்படியாக வேலை செய்யும். சின்ன டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும்.

இனி இரண்டு நிலைமைகளைப் பாருங்கள். பெரிய டர்போ பொருத்திய ஒரு காரில் எஞ்சின் 2500 சுற்றில் ஓடும்போது, உயர்ந்த கியரில், பெடலை முழுக்க மிதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் வராது. அந்தச் சுற்றிலேயே எஞ்சினைப் பிடித்துவைத்து எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வராது, ஏனென்றால் சக்கரத்தைச் சுற்றும் அளவுக்குப் புகையே இல்லை. எஞ்சின் மெல்ல ஏறி 4000 சுற்றைத் தொட்டதும் திடீரென்று முதுகில் உதைத்தாற்போல வரும்.

அடுத்தது. அதே கார், எஞ்சின் 5500 சுற்றில் ஓடுகிறது. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கிறோம். இப்போது புகைக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் தளர்ந்துபோன தண்டு மறுபடி வேகமெடுக்க வேண்டும், கம்ப்ரசருக்கும் எஞ்சினுக்கும் இடையில் இருக்கிற குழாயும், அமுக்கியதால் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அழுத்தக் காற்றால் நிரம்ப வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கிறது.

முதலாவது சுற்று எண்ணிக்கையைப் பொறுத்த எல்லை. இரண்டாவது நேரத்தைப் பொறுத்த தாமதம். பேசும்போது இரண்டையுமே லேக் என்று சொல்லிவிடுகிறோம்.

402 மீட்டர் நேர்த்தடப் பந்தயத்தில் இந்த வேறுபாடு பெரிது. (பட்டியலில் டிராக் ரேஸ் "இழுவைப் பந்தயம்" என்று இருக்கிறது. அதை எடுத்துவிடலாம். காற்றின் இழுவிசையோடு குழம்புகிறது, இந்தப் பந்தயத்தில் யாரும் எதையும் இழுத்துப்போவதும் இல்லை.) ஓட்டுநர் கிளம்பும்போதே எஞ்சினை உயர்ந்த சுற்றில் வைத்திருப்பார். 7500இல் கியர் மாற்றினால் 5300க்கு இறங்கும் என்று கொள்வோம். எல்லை 4000 என்றால் ஓட்டம் முடியும்வரை அந்தப் பக்கமே அவர் போவதில்லை. அன்றாடச் சாலையில் சகிக்க முடியாத ஒரு பெரிய டர்போ அவருக்கு ஒரு குறையே அல்ல. ஆனால் நேரத்தைப் பொறுத்த தாமதம் அவரை விடாது. கிளம்பும் நொடியிலும், கால் எடுத்து மாற்றினால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அது வந்து நிற்கும்.

எனவே நேரத்தைக் குறிப்பதற்குச் சுணக்கம். எல்லையைக் குறிப்பதற்குப் பயன்தொடக்க வேகம். ஒளிமின் விளைவுப் பாடத்தில் "பயன்தொடக்க அதிர்வெண்" என்று படித்திருக்கிறோம். அதற்குக் கீழே எவ்வளவு ஒளியைக் கொட்டினாலும் எலக்ட்ரான் வராது. இங்கும் அதே கருத்துத்தான், புதிதாக யோசிக்கவே வேண்டியதில்லை.

மற்றவற்றை ஏன் ஒதுக்குகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னடைவு என்றால் தோல்வி அல்லது பின்வாங்கல், இங்கே கார் பின்னால் போகவில்லை. மந்தம் ஒரு நிலையான குணம், வந்து போவதைக் குறிக்காது. சுழலித் தாமதம் பொருளில் சரி, ஆனால் தாமதிப்பது சுழலி மட்டுமல்ல, குழாயும் இன்டர்கூலரும் நிரம்பவும் நேரம் பிடிக்கிறது. தயக்கம் எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் காந்தவியலில் அது ஏற்கெனவே ஹிஸ்டெரிசிஸுக்குப் போய்விட்டது. வேறு துறைதானே என்று விட முடியாது. அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வை ஓர் அழுத்தத்தில் திறக்கவும் அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் மூடவும் அமைப்பார்கள், அந்த இடைவெளிக்கும் இதே தயக்கம்தான் பெயர். ஒரே பக்கத்தில் இரண்டு தயக்கம் ஆகாது.

சுணக்கத்துக்கு வினை இருக்கிறது: டர்போ சுணங்குகிறது, சுணங்காமல் ஏறுகிறது. "பணிகளில் சுணக்கம்" என்று நாளிதழில் நாள்தோறும் பார்க்கிறோம். வேலை நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை, நடக்கிறது, ஆனால் உரிய நேரத்தில் நடக்கவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்தாலும் டர்போவைச் சுழலவைக்கும் ஆண்டி லேக் அமைப்புக்குச் சுணக்கமுறி என்று சொல்லலாம்.

*

ஐயாவுக்கு வணக்கம்.

பயன்தொடக்கத்தை மனமார ஏற்கிறேன். சுணக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மாறுமின்னோட்டப் பாடத்தில் மின்னோட்டம் மின்னழுத்தத்தைவிடப் பின்தங்குகிறது என்றுதான் பல தலைமுறையாகக் கற்பிக்கிறோம். மூலச்சொல் ஒன்றாக இருக்கும்போது தமிழில் மட்டும் துறைக்கு ஒரு சொல் என்று போனால் மாணவர்கள் எதைப் பிடிப்பார்கள்? பூஸ்ட்டை ஊட்டழுத்தம் என்று வைத்து, "ஊட்டழுத்தப் பின்தங்கல்" என்று விரித்துச் சொன்னால் போதாதா?

இன்னொன்று. சுணக்கம் என்ற சொல்லில் சோம்பலின் வாடை அடிக்கிறது. ஆளைக் குறை சொல்லும் சொல்லை எந்திரத்துக்குக் கொடுக்கலாமா?

*

எல்லாருக்கும் வணக்கம். நான் மொழி படித்தவன் அல்ல, வண்டிகளை டியூன் செய்பவன். இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துவருகிறேன். பெயர் எதுவானாலும் எனக்குச் சரி, ஆனால் அதை அளக்க முடிய வேண்டும்.

ஓட்டம் முடிந்ததும் கணினியில் பதிவைத் திறப்பேன். மேலே பெடல் கோடு, அது சுவர் மாதிரி நட்டமாக 100க்கு ஏறும். நடுவில் எஞ்சின் சுற்று. கீழே அழுத்தக் கோடு. அது முதலில் தரையோடு தவழ்ந்து, பிறகு வளைந்து மேலேறி, இலக்கைச் சற்றுத் தாண்டித் துள்ளி, அப்புறம் அடங்கும். பெடல் கோடு ஏறிய இடத்துக்கும் அழுத்தம் இலக்கில் 90 விழுக்காட்டைத் தொட்ட இடத்துக்கும் இடையிலான நேரத்தைச் சுணக்கம் என்று வரையறுத்தால் எனக்கு அது பயன்படும். வரையறை இல்லாத சொல்லை வைத்துக்கொண்டு "இந்த டர்போவில் சுணக்கம் குறைவு" என்று விளம்பரம்தான் எழுதலாம்.

வேறுபாடு எங்கே உறைக்கும் என்றால் செலவில். பால் பேரிங் தண்டு போட்டால் உராய்வு குறைந்து சுணக்கம் நன்றாகக் குறையும், பயன்தொடக்கம் பெரிதாக நகராது. விசையாழிக் கூட்டைச் சிறிதாக்கினால் பயன்தொடக்கம் கீழே வரும், ஆனால் மேல்சுற்றில் புகை வெளியேற வழியில்லாமல் முதுகழுத்தம் (பேக் பிரஷர்) ஏறி, கடைசி 100 மீட்டரில் குதிரைத்திறனைத் தின்றுவிடும். சக்கரத்தின் விட்டத்தை 20 விழுக்காடு கூட்டினால், வடிவம் மாறாத பட்சத்தில், நிலைமத் திருப்புத்திறன் ஏறக்குறைய இரண்டரை மடங்காகும், ஏனென்றால் அது விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுகிறது. "லேக் இருக்கிறது, என்ன மாற்றலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வியே, எந்த லேக் என்பதுதான். அதற்குத் தமிழில் இரண்டு சொல் கிடைத்தால் எனக்குப் பாதிப் பேச்சு மிச்சம்.

கிளம்பும்போது சுணக்கத்தை ஏமாற்ற வழிகள் உண்டு. ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியில் டார்க் கன்வெர்ட்டர் நழுவுவதால், பிரேக்கைப் பிடித்தபடி எஞ்சினுக்குச் சுமை கொடுத்து, பச்சை விளக்கு எரிவதற்கு முன்பே அழுத்தத்தை ஏற்றிவிடலாம். மேனுவலில் டூ ஸ்டெப்: குறிப்பிட்ட சுற்றில் எஞ்சினை நிறுத்திப் பிடித்து, தீப்பொறியைத் தாமதப்படுத்தினால் எரிதலின் ஒரு பகுதி புகைக்குழாயில் நடந்து விசையாழியைச் சுற்றும். டப டப என்று சத்தம் வருவது அதனால்தான். அங்கேயே அதிக நேரம் நிறுத்தி வேடிக்கை காட்டினால் வால்வும் விசையாழிச் சக்கரமும் வெந்துபோகும். ஆகவே ஐயா சொன்ன சுணக்கமுறி என்ற பெயர் பிடித்திருக்கிறது, முறிவது சுணக்கம் மட்டுமாக இருந்தால் சரி.

ஒரே ஒரு திருத்தம். "பயன்தொடக்க வேகம்" என்றால் வாசகர் காரின் வேகம் என்று எடுத்துக்கொள்வார். "பயன்தொடக்கச் சுற்று" என்று வையுங்கள்.

*

நன்றி தம்பி. 90 விழுக்காட்டு வரையறையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், பயன்தொடக்கச் சுற்றையும் சேர்த்து.

அம்மா, பின்தங்கல் பற்றி நீங்கள் கேட்டதற்கு என் பதில். மின்சுற்றில் பின்தங்குவது ஒரு கட்டக் கோணம். இரண்டு அலைகள் ஒரே அதிர்வெண்ணில் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒன்று மற்றொன்றுக்குப் பின்னால் மாறாத இடைவெளியில் வருகிறது. இங்கே அலையும் இல்லை, கட்டமும் இல்லை, ஒருமுறை எழுந்து அடங்கும் ஒரு நிகழ்வுதான் இருக்கிறது. மூலச்சொல் ஒன்று என்பதற்காகக் கருத்தும் ஒன்றாகிவிடாது. அப்புறம், பேசுவது பந்தயத்தைப் பற்றி. "பின்தங்கல் அதிகமிருந்தும் அந்தக் கார் பின்தங்கவில்லை" என்று எழுத நேரும், படிப்பவர் சிரிப்பார்.

சோம்பல் வாடை இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் "களைப்பு" ஆளுக்குரிய சொல்லாக இருந்தும் உலோகக் களைப்பு என்று சொல்லத்தானே செய்கிறோம்? ஓட்டுநர் டர்போவைத் திட்டும்போது அந்த வாடை பொருத்தமாகவே இருக்கும்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஊட்டழுத்தம் எனக்குப் பெரிய பரிசு. பூஸ்ட்டுக்கு "மிகையழுத்தம்" என்று பட்டியலில் இருப்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பூஸ்ட் என்பது வேண்டி ஏற்றுவது, மிகை என்றால் வேண்டாதது. ஓவர்பூஸ்ட் வந்தால் மிகை மிகையழுத்தம் என்றா எழுதுவது? ஊட்டழுத்தம் என்றால் மிகையூட்டம், குறையூட்டம் என்று இயல்பாகக் கிளைக்கும். ஒரு குறிப்பு மட்டும் சேர்க்க வேண்டும்: ஊட்டழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்கு மேலே உள்ள பங்கு. கடல் மட்டத்தில் 1 பார் ஊட்டழுத்தம் என்றால் மொத்தம் ஏறக்குறைய 2 பார். அந்த மொத்தத்துக்கு, தனி வெப்பநிலையை (அப்சல்யூட்) ஒட்டி, தனி அழுத்தம் என்று பெயர். கம்ப்ரசர் கணக்குகள் எல்லாம் இந்தத் தனி அழுத்தத்தின் விகிதத்தில்தான் நடக்கும். அந்த விகிதம் 2 ஆகவும் கம்ப்ரசர் திறன் 70 விழுக்காடாகவும் இருந்தால், 27 டிகிரியில் உள்ளே போன காற்று ஏறத்தாழ 120 டிகிரியில் வெளியே வரும். பட்டியலில் இன்டர்கூலர் என்ற சொல்லின் விளக்கத்தில் இந்த எடுத்துக்காட்டைச் சேர்க்கலாம்.

டர்போவை டர்போ என்றே விட்டுவிடுவோம். அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பட்டியலுக்கு என் வரைவு:

சுணக்கம்: எஞ்சின் பயன்தொடக்கச் சுற்றுக்கு மேல் ஓடும்போது, திராட்டில் வால்வு (பெடலை மிதித்தால் திறப்பது) முழுதும் திறந்ததிலிருந்து ஊட்டழுத்தம் இலக்கின் 90 விழுக்காட்டை எட்டும்வரை ஆகும் நேரம்.

பயன்தொடக்கச் சுற்று: திராட்டில் வால்வு முழுதும் திறந்த நிலையில், குறிப்பிட்ட ஊட்டழுத்தத்தை டர்போ தரத் தொடங்கும் மிகக் குறைந்த எஞ்சின் சுற்று.

இரண்டாவதில் "குறிப்பிட்ட" என்பது எவ்வளவு என்று தம்பி சொல்ல வேண்டும். டர்போ ஏறுவதைச் சொல்லும் ஸ்பூல் என்பதற்கு "எழுச்சி" வந்திருக்கிறது. அது அழுத்தத்துக்கா, தண்டின் வேகத்துக்கா என்பதே இன்னும் தெளிவாகாததால் அதைத் தனி இழையில் பேசுவோம்.