காருக்கும் வீட்டுச் சாமான்களுக்கும் சிங்கப்பூரில் ஆண்டு வரி உண்டா?

பொங்கோல்_புதியவர்:

எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்காவில் வர்ஜீனியாவிலிருந்து வேலை மாற்றலில் இங்கே வந்திருக்கிறோம். அங்கே கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளூர்) நிர்வாகம் ஒவ்வோர் ஆண்டும் காரின் அன்றைய மதிப்பைப் பார்த்து, நூறு டாலருக்கு இவ்வளவு என்று தனிநபர் சொத்து வரி போடும். வீட்டுக்கு வேறு பில். இங்கே இப்போது வாடகை வீடு. அடுத்த ஆண்டு நாலறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றும், 1600 சிசிக்குள் பழைய பெட்ரோல் கார் ஒன்றும் வாங்கும் எண்ணம். ஆண்டுக்கு என்னென்ன வரி வரும்? காரின் மதிப்பு குறையக் குறைய வரியும் குறையுமா? சோபா, ஃபிரிட்ஜ், நகை போன்றவற்றைக் கணக்குக் காட்ட வேண்டுமா?

கணக்கர்_பூன்லே:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். வீட்டுச் சாமான், நகை, மின்சாதனம் எதற்கும் இங்கே ஆண்டு வரி கிடையாது. சொத்து வரி என்றால் நிலம், கட்டடம் மட்டுந்தான்.

அந்த வரி வீட்டை வாங்கிய விலையை வைத்துப் போடப்படுவதில்லை. பலர் தடுமாறுவது இங்கேதான். வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று உள்நாட்டு வருவாய் ஆணையம் மதிப்பிடும். அதற்கு ஆண்டு மதிப்பு என்று பெயர். அறைகலன், உட்புற அலங்காரம், பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்துவிட்டுத்தான் அந்த எண் வரும். ஆகவே ஐம்பதாயிரம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மரவேலை செய்தாலும் அதற்காக மட்டும் வரி ஏறாது.

2025 ஜனவரி 1 முதல், உரிமையாளரே குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டு மதிப்பில் முதல் 12,000 வெள்ளிக்கு வரி இல்லை. அடுத்த 28,000-க்கு 4 விழுக்காடு, அதற்கடுத்த 10,000-க்கு 6. அதன் பிறகு படிப்படியாக ஏறி, 140,000-க்கு மேல் 32 விழுக்காடு. உரிமையாளர் குடியிராத வீட்டுக்கு முதல் வெள்ளியிலிருந்தே வரி: முதல் 30,000-க்கு 12, அடுத்த 15,000-க்கு 20, அடுத்த 15,000-க்கு 28, மீதிக்கு 36.

ஒரு நாலறை வீட்டின் ஆண்டு மதிப்பு 13,200 என்று வைத்துக்கொள்வோம். நீங்களே குடியிருந்தால் 1,200-க்கு 4 விழுக்காடு, அதாவது 48 வெள்ளி. அதே வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டால் 1,584 வெள்ளி. ஆண்டு மதிப்பு மாறவில்லை, உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதுதான் மாறியது. 36,000 ஆண்டு மதிப்புள்ள கொண்டோவுக்கு (தனியார் அடுக்குமாடி வீடு) இதே வித்தியாசம் 960-க்கும் 4,800-க்கும் இடையில் நிற்கும். இவை கழிவுக்கு முந்தைய தொகைகள். 2025-இல் சொந்தமாகக் குடியிருக்கும் வீவக வீட்டுக்கு 20 விழுக்காடு கழிவு கொடுத்தார்கள்.

நீங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் வாடகைக்கு விட்டால் குறைந்த விகிதம் போகாது. முழு வீட்டையும் விட்டால் 15 நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் இருந்தால் வித்தியாசத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டுக் கேட்பார்கள். கணவன் மனைவி பெயரில் தனித்தனியே வீடு இருந்தாலும் குறைந்த விகிதம் ஒரே வீட்டுக்குத்தான்.

மரைன்பரேட்_கார்க்காரர்:

கார் பகுதியை நான் சொல்கிறேன். நீங்கள் பழகிய முறைக்கு இது நேர்மாறு. கார் மதிப்பின் மேல் போடும் வரியை எல்லாம் சிங்கப்பூர் பதிவின்போதே ஒரே மூச்சில் வாங்கிவிடும். பிறகு ஆண்டுதோறும் கட்டும் சாலை வரிக்கும் மதிப்புக்கும் தொடர்பே இல்லை. இயந்திரக் கொள்ளளவுதான் கணக்கு.

எண்ணில் பாருங்கள். புதுக் காரின் பொதுச் சந்தை மதிப்பு (இறக்குமதியாகி வந்திறங்கும் விலை) 25,000 வெள்ளி. கலால் வரி 20 விழுக்காடு: 5,000. இரண்டும் சேர்ந்த 30,000-க்குப் பொருள் சேவை வரி 9 விழுக்காடு: 2,700. அடுத்தது ஏஆர்எஃப் எனும் கூடுதல் பதிவுக் கட்டணம்: முதல் 20,000-க்கு நூறு விழுக்காடு, அடுத்த 20,000-க்கு 140. ஆக 27,000. கார் விலையைவிட வரி அதிகம், சிஓஇ எனும் பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழின் விலை இன்னும் இதில் சேரவில்லை. பழைய கார் வாங்கும் உங்களிடம் இதை யாரும் தனியாகக் கேட்கமாட்டார்கள், ஏற்கெனவே விலைக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

சாலை வரி ஆறு மாதக் கணக்கு. 1000-க்கு மேல் 1600 சிசி வரை: 250 வெள்ளியோடு, 1000-க்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 37.5 காசு கூட்டி, வரும் தொகையை 0.782-ஆல் பெருக்குங்கள். 1598 சிசி காருக்கு 474.25 பெருக்கல் 0.782, ஏறத்தாழ 371 வெள்ளி. ஆண்டுக்கு 742. 1600-ஐத் தாண்டினால் அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு சிசிக்கும் 75 காசு. அதனால் 1998 சிசி கார் ஆண்டுக்கு 1,210-இல் நிற்கும்.

மதிப்பு குறைந்தால் வரி குறையுமா என்றீர்கள். குறையாது, வயதானால் ஏறும். பத்து வயதைத் தாண்டிய காருக்கு 10 விழுக்காடு மிகைவரி, ஆண்டுக்குப் பத்துப் பத்தாகக் கூடி, 14 வயதுக்கு மேல் 50 விழுக்காடு. அந்த 742 வெள்ளி முதலில் 816 ஆகும், கடைசியில் 1,113. சிஓஇ புதுப்பித்த கார் மலிவு என்று விளம்பரம் பார்த்தால் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்படிப் புதுப்பித்த காரில், பதிவை நீக்கும்போது ஏஆர்எஃப்-இலிருந்து திரும்ப வரவேண்டிய தொகையும் போய்விட்டிருக்கும். சிஓஇ ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டதா பத்தாண்டுக்கா என்று அவசியம் கேளுங்கள். ஐந்தாண்டு என்றால் அதன் பிறகு மறுபடியும் புதுப்பிக்க முடியாது.

பொங்கோல்_புதியவர்:

ரொம்ப நன்றி ஐயா, அண்ணே. இரண்டு சந்தேகம். மின்சாரக் கார் எடுத்தால் சிசி கிடையாதே, வரி இல்லையா? சாலை வரி புதுப்பிக்கும்போது எங்கே சிக்கல் வரும்?

மரைன்பரேட்_கார்க்காரர்:

மின்சாரக் காருக்கு கிலோவாட் கணக்கு. 30 முதல் 230 கிலோவாட் வரை: 250 வெள்ளியோடு, 30-க்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 3.75 வெள்ளி கூட்டி, 0.782-ஆல் பெருக்க வேண்டும். அதற்கு மேல், பெட்ரோல் வரி கட்டாததற்கு ஈடாக ஆண்டுக்கு 700 வெள்ளி தனித்தொகை. 110 கிலோவாட் காருக்கு ஆறு மாதத்துக்கு 430-உம் 350-உம் சேர்ந்து 780, ஆண்டுக்கு 1,560. 1.6 லிட்டர் பெட்ரோல் காரின் வரியைப் போல இரு மடங்குக்கும் மேல். மின்சாரம் மலிவு என்று சொல்லி விற்பவர்கள் இந்தத் தொகையையும் வாங்குபவரிடம் சொல்ல வேண்டும்.

புதுப்பிப்பது நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்திலோ, கட்டணம் செலுத்தும் ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்திலோ சில நிமிட வேலை. சிக்கல் அதற்கு முன்னால். காப்புறுதி, புதுப்பிக்கும் காலம் முழுவதையும் உள்ளடக்க வேண்டும். காப்புறுதி எட்டு மாதத்தில் முடிகிறது, நீங்கள் 12 மாதம் கேட்கிறீர்கள் என்றால் நடக்காது. ஆறு மாதம் மட்டும் கட்டுங்கள், அல்லது காப்புறுதியை முதலில் நீட்டுங்கள். அடுத்தது பரிசோதனை: மூன்று வயது முதல் பத்து வரை இரண்டாண்டுக்கு ஒரு முறை, அதன் பின் ஆண்டுதோறும். டயர் தேய்ந்தோ புகை அதிகமாகவோ இருந்து தோற்றால், பழுது பார்த்து மறுபடி போக நாள் பிடிக்கும். கெடு முடியும் வாரத்தில் போகாதீர்கள். கட்டாத அபராதம் பாக்கியிருந்தாலும் தடை.

கண்ணாடியில் ஒட்டும் வரி வில்லை 2017 பிப்ரவரி 15 முதல் தேவையில்லை. காரைப் பார்த்துத் தேதி தெரியாது என்பதால், பழைய கார் வாங்குமுன் அதே தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து சாலை வரி என்று முடிகிறது எனப் பாருங்கள். வரி காரோடுதான் போகும்; மீதி இரண்டு வாரமே என்றால் விலையில் பேசலாம்.

கணக்கர்_பூன்லே:

இரண்டு சேர்க்கை. வாடகையில் இருக்கும்வரை சொத்து வரி வீட்டுக்காரர் பொறுப்பு. உங்கள் பங்கு ஒப்பந்தத்தின் முத்திரைத் தீர்வை: நான்காண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 3,000 வீதம் 24 மாதத்துக்கு 288 வெள்ளி. இங்கே கையெழுத்திட்டால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். வீடு வாங்கிய பிறகு சொத்து வரி ஜனவரி 31-க்குள். தவறினால் 5 விழுக்காடு தண்டம். ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் ஏற்பாடு) போட்டுவிட்டால் 12 மாதத் தவணையாகப் பிரித்து வட்டியில்லாமல் எடுப்பார்கள். முதல் நோட்டீஸ் வந்ததும் எந்த விகிதத்தில் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். குடியிருப்பவர் விகிதம் இல்லையென்றால் சிங்பாஸ் (அரசின் இணைய அடையாளக் கணக்கு) வழியாக ஆணையத்தின் தளத்தில் உள்நுழைந்து விண்ணப்பியுங்கள்.

வர்ஜீனியாவில் காரை விற்றுவிட்டோ வேறு மாநிலத்துக்கு அனுப்பிவிட்டோ வந்திருந்தால், நம்பர் பிளேட்டை மோட்டார் வாகனத் துறையிடம் ஒப்படைத்தது மட்டும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கவுண்டி வரி அலுவலகத்துக்கும் தேதியோடு எழுதுங்கள், விற்ற ரசீதின் நகலை இணையுங்கள். அங்கே பேர் இருக்கும்வரை பில் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும்.