முழுச் சார்ஜில் ரீஜென் பிடிக்குதில்லை: பழுதா, இயல்பா?

பரந்தன்_சந்தி

வணக்கம். வாகனம் 2014 நிசான் லீஃப் மின்சாரக் கார், 24 யுனிற் (கிலோவாற் மணி) பற்றரி. லீஃப்ஸ்பை எண்ட போன் செயலியில் பற்றரி ஆரோக்கியம் 75 சதவீதம் காட்டுது. இரவு முழுக்கச் சார்ஜில் போட்டு, விடிய 100 சதவீதத்தோடை கிளிநொச்சியிலை இருந்து யாழ்ப்பாணப் பக்கம் வெளிக்கிட்டால், அக்சிலேற்றரிலை இருந்து காலை எடுத்தாலும் ரீஜென் (மோட்டரே காரை இழுத்துப் பிடிச்சு மின்னைப் பற்றரிக்குத் திருப்புறது) பிடிக்காமல் கார் உருண்டுகொண்டே போகுது. ரீஜென் கூடப் பிடிக்கிற ‘பி’ கியரிலும் அதே கதைதான். ஆனையிறவு கிட்ட வரக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பிடிக்கத் தொடங்கும், பிறகு வழமைபோல. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியிறதில்லை.

இது பிறேக் பழுதா? சார்ஜை 80 சதவீதத்தோடை நிப்பாட்டச் சொல்லுகினம், ஆனால் அது யாழ்ப்பாணம் போய்வரக் காணாது. இன்னொன்று, பொங்கல் லீவுக்கு நுவரெலியா போற யோசினை. குளிருக்கு ரீஜென் வேலை செய்யாது எண்டது உண்மையோ?

குளக்கட்டு

பழுதில்லை. காலை எடுத்தவுடனே மோட்டர் ஜெனரேற்றராக மாறி மின்னைப் பற்றரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பற்றரி நிறைந்திருந்தால் அந்த மின்னுக்குப் போக இடமில்லை, அதனால் கணினி மோட்டரை இழுக்க விடாது.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். உங்கள் பற்றரியில் 96 செல் சோடிகள் தொடராக இருக்கின்றன. முழுச் சார்ஜில் ஒரு செல் சுமார் 4.1 வோல்ற்றில் நிற்கும். 4.2ஐத் தாண்டவிடக் கூடாது. பலமாக ரீஜென் பிடிக்கும்போது 30 கிலோவாற் வருகிறது என்று வையுங்கோ, 390 வோல்ற்றில் அது 77 அம்பியர். பழைய பற்றரியின் உள்தடை 0.15 ஓம் என்றால் மொத்தமாக 11.5 வோல்ற் ஏறும், செல்லுக்கு 0.12. ஆகவே 4.1 இருந்த செல் 4.22க்குப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் கணினி அம்பியரை வெட்டுகிறது. பற்றரி கிழடாகக் கிழடாக உள்தடை கூடும், அதனால் புதிய காரில் 95இல் விடுபடுகிற கட்டுப்பாடு பழைய காரில் 90 வரைக்கும், சிலவேளை அதற்குக் கீழும் இழுபடும்.

ஆனையிறவு வரைக்கும் ஏன் என்பதும் இதில் தெரியும். 75 சதவீத ஆரோக்கியம் என்றால் கையில் 18 யுனிற். ஒரு யுனிற்றுக்கு 7 கிலோமீற்றர் ஓடினால் 10 சதவீதம் இறங்க 12, 13 கிலோமீற்றர் வேண்டும். கிளிநொச்சிக்கும் ஆனையிறவுக்கும் இடையில் ஏறக்குறைய அவ்வளவுதான். மீற்றரில் இடது பக்கத்து வட்டங்களைக் கவனியுங்கோ. இரட்டைக் கோடு போட்ட வட்டங்கள் எத்தனையோ, அவ்வளவுக்குத்தான் அந்த நேரம் ரீஜென் கிடைக்கும்.

80 சதவீத விசயத்தில் என் கருத்து வேறு. நீங்கள் யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி தட்டையான பாதை. தனியாள் ஓடும் 1,600 கிலோ கார் 70இல் இருந்து முழுதாக நின்றால் அதில் இருக்கிற சக்தி 0.084 யுனிற். ரீஜென் அதில் 60 சதவீதத்தைப் பிடித்தாலும் 0.05 யுனிற், அதாவது 350 மீற்றர் ஓட்டம். ஆனையிறவுக்குள் ஐந்து தரம் நின்றாலும் இழப்பு 2 கிலோமீற்றருக்குக் குறைவு. அதற்காக 20 சதவீதத்தை வீட்டில் விட்டுப் போவது கணக்குக்குச் சரிவராது. யாழ்ப்பாணம் போகிற நாளில் 100 போடுங்கோ. ஆனால் இரவு பத்து மணிக்கே நிறைந்து விடியும்வரை அப்படியே நிற்கக் கூடாது, எங்கள் வெக்கையில் அதுதான் பற்றரியைத் தின்னும். 3.3 கிலோவாற் சார்ஜரில் உங்கள் பற்றரிக்கு 10 சதவீதம் ஏற 40 நிமிடம் அளவில் ஆகும். 40இல் இருந்து 100க்கு நாலு மணித்தியாலம், கடைசியில் மெதுவாகும் என்பதால் அரை மணி கூட்டி வையுங்கோ. ஐந்தரைக்கு வெளிக்கிடுவதென்றால் ஒரு மணிக்குத் தொடங்குமாறு ரைமரை வைத்தால் போதும். ஊருக்குள் மட்டும் ஓடுகிற நாளில் 80 தாராளம்.

மாங்குளம்_கராச்

குளக்கட்டு அண்ணை சொன்னது சரி. பிறேக் பக்கத்தைச் சொல்லுறன்.

முக்கியமானது, பெடலை மிதித்தால் பிடிக்கிற பிடியில் ஒரு குறையும் வராது. லீஃபில் பெடல் முதலில் ரீஜெனைக் கேட்கும், போதாததை டிஸ்க் பிறேக்கால் நிரப்பும். ரீஜென் இல்லையெண்டால் முழுவதும் டிஸ்க்கில் பிடிக்கும். குறையிறது கால் எடுத்தவுடனே வாற இழுவை மட்டும்தான். ஆபத்து பழக்கத்திலைதான் இருக்கு. விடியப்புறம் மாடு றோட்டிலை படுத்திருக்கிற நேரம், காலை எடுத்தால் கார் தானாய்க் குறையும் எண்டு நம்பி இருக்கக் கூடாது. 95க்கு மேலை இருந்தால் முதல் பத்துப் பதினைந்து கிலோமீற்றருக்குக் கால் பிறேக் பெடலுக்குத் தயாராய் இருக்கவேணும்.

அந்த நேரம் டிஸ்க் சுத்தமாய் இருக்குதோ எண்டதுதான் பெரிய கேள்வி. மின்சாரக் காரிலை டிஸ்க் குறைவாய்த்தான் வேலை செய்யுது. ஐப்பசி, கார்த்திகை மழையும் ஆனையிறவு உப்புக் காத்தும் சேர்ந்தால் டிஸ்க்கிலை துரு ஏறும், கலிப்பர் (டிஸ்க்கை நெரிக்கிற பகுதி) வழுக்கி ஓடுற ஊசி, அதாவது ‘பின்’, இறுகும். பிறகு ஒரு பாட் (டிஸ்க்கிலை உரசுற கட்டை) தேஞ்சு மற்றது புதுசாய் நிக்கும். வெறும் நேர் றோட்டிலை, பின்னாலை வாகனம் இல்லாத நேரம், 60இலை ‘என்’னுக்கு (நியூற்றல்) போட்டு 20 வரை பெடலால் பிடியுங்கோ, மூண்டு நாலு தரம். ‘என்’னிலை ரீஜென் வராது, ஸ்ரியரிங்கும் பிறேக் உதவியும் வழமைபோல வேலை செய்யும். இறக்கத்திலை இதைச் செய்யவே கூடாது.

வருசத்துக்கு ஒருக்கால் சில்லைக் கழட்டி, கலிப்பர் ‘பின்’னுக்குச் சிலிக்கோன் கிறீஸ் போட்டு ஓடவிடுங்கோ. சாதாரண கிறீஸ் றப்பரை ஊத வைக்கும். பாட் 3 மில்லிமீற்றருக்குக் குறைஞ்சால் மாத்துங்கோ. பிறேக் ஒயில் இரண்டு வருசத்துக்கு ஒருக்கால், ஓட்டம் குறைவெண்டாலும். அது காத்திலை இருக்கிற ஈரத்தை இழுக்கும். கலிப்பர் வேலைக்கு முதல் 12 வோல்ற் பற்றரி வயரைக் கழட்டவேணும். கதவு திறந்தவுடனே பிறேக் யுனிற் தானாய் எழும்பி அமுக்கம் குடுக்கும், கை நசியும்.

60 சதவீதத்திலையும் ரீஜென் வரேல்லை, அல்லது பிறேக், ஏபிஎஸ் விளக்கு எரியுது எண்டால்தான் கராச்சுக்கு வாங்கோ. அதுக்கு முதல் லீஃப்ஸ்பையிலை முழுச் சார்ஜிலை செல்களுக்கு இடையிலான வித்தியாசத்தைப் பாருங்கோ. 20, 30 மில்லிவோல்ற் பிரச்சினை இல்லை. 100ஐத் தாண்டினால் ஒரு செல் பலவீனம், அதுதான் முதலாவதாய் மேல் எல்லையைத் தொட்டு மற்ற எல்லாத்தையும் மறிக்கும்.

வவுனியா_வடக்கு

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பொஸ்பேற்) பற்றரிக் காருக்கும் இதே கணக்கோ? வாரத்துக்கு ஒருக்கால் 100 போடச் சொல்லிக் கையேட்டிலை இருக்கு.

குளக்கட்டு

காரணம் ஒன்றுதான், தோற்றம் வேறு. எல்எஃப்பி செல்லின் மேல் எல்லை 3.65 வோல்ற். நடுவில் வோல்ற் ஏறக்குறைய ஏறாமல் கிடக்கும், கடைசியில் விர்ரென்று ஏறும். அதனால் ரீஜென் கிட்டத்தட்ட முடிவுவரை இருந்துவிட்டுச் சடக்கென்று போகும். நடுவில் வோல்ற்றைப் பார்த்து அளவு சொல்ல முடியாததால்தான் இடைக்கிடை 100 போடச் சொல்கிறார்கள். கையேடு சொன்னபடியே போடுங்கோ, அடுத்த நாள் காலை பெடலில் கவனமாக இருங்கோ. குளிரில் எல்எஃப்பி இன்னும் பின்வாங்கும்.

நுவரெலியாக் கேள்விக்கு வாறன். நுவரெலியா 1,868 மீற்றர். கம்பளை வரை 1,400 மீற்றர் அளவில் இறக்கம். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 1,800 கிலோ என்றால் அந்த உயரத்தில் 6.9 யுனிற் இருக்கிறது. ரயர் உராய்வும் காற்றும் பாதியளவு தின்று, மின்னாக மாறும்போது இன்னும் கொஞ்சம் போனாலும் 2.5 யுனிற் பற்றரிக்கு வரும், உங்கள் 18இல் அது 14 சதவீதம். மேலே 100 போட்டு இறங்கினால் அது முழுவதும் டிஸ்க்கில் சூடாகப் போகவேணும். றம்பொடை வளைவுகளில் பிறேக் ஒயில் கொதித்துப் பெடல் தரைக்குப் போகிற நிலை அதுதான். பெற்றோல் காரில் கியரைக் குறைத்து எஞ்சினால் பிடிப்பது போல இங்கே வேறு வழி கிடையாது.

ஆகவே மேலே 80இல் சார்ஜை நிறுத்துங்கோ. ஏறும்போது 12 யுனிற் அளவு போகும், அதனால் கம்பளையில் நிறைத்துக்கொள்ளுங்கோ. தவறி மேலே நிறைந்துவிட்டால் ஹீற்றரை முழுதாகப் போட்டு வைக்கலாம், 3 கிலோவாற் இழுத்தால் பத்து நிமிடத்தில் அரை யுனிற் இடம் வரும். ஆனால் நம்பவேண்டியது மெதுவான வேகத்தைத்தான். பெடலில் காலை வைத்தபடியே இறங்காமல், பலமாகப் பிடித்து விட்டு, டிஸ்க் ஆறவிட்டுப் பிறகு பிடிக்கவேணும்.

குளிர் உண்மைதான். குளிர்ந்த செல்லுக்குள் வேகமாக மின்னைத் தள்ளினால் லித்தியம் உள்ளே போகாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படியும். உறைநிலையில் அது நிரந்தரச் சேதம், அதனால் கணினி முன்கூட்டியே வெட்டும். ஆனால் தை மாத இரவு 10 பாகைக்குக் கீழ் போனாலும், நாள் முழுக்க ஓடிச் சூடான 300 கிலோ பற்றரி ஓர் இரவில் அவ்வளவுக்கு ஆறாது. இரண்டு மூன்று நாள் ஓடாமல் நிறுத்தினால் காலையில் கொஞ்சம் குறைவாகத் தெரியும். ஒரு இரவு தங்கி இறங்குகிற உங்களுக்குப் பார்க்கவேண்டிய எண் சார்ஜ் சதவீதம்தான்.

பரந்தன்_சந்தி

நன்றி அண்ணைமார். ரைமரை ஒரு மணிக்கு மாத்தியாச்சு. கிளம்ப முதல் கலிப்பர் ‘பின்’னும் பிறேக் ஒயிலும் பார்க்கிறன். நுவரெலியாவிலை தங்கிற இடத்திலை 15 அம்பியர் பிளக் இருக்கோ எண்டும் கேக்கவேணும்.

மாங்குளம்_கராச்

இருந்தாலும் எர்த் ஒழுங்காய் இருக்குதோ எண்டு பாருங்கோ. எர்த் இல்லாட்டில் சார்ஜர் கேபிள் தொடங்காது. எக்ஸ்ரென்சன் கோட் போடுறதெண்டால் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், சுருளை முழுக்க அவிட்டு விடவேணும்.