மர்சேய் முதல் காசிஸ் வரை நடை: இரண்டாம், மூன்றாம் நாள் பாதையில் யோசனை தேவை

நண்பர்களே, அக்டோபர் கடைசியில் பிரான்சின் தெற்குக் கடலோர ஊரான மர்சேயில் மூன்று நாள். முதல் நாள் ஊருக்குள்: பழைய துறைமுகத்துக் காலை மீன்சந்தை, பானியே என்ற பழைய பகுதியின் சந்துகள், நோத்ர்தாம் தேவாலயக் குன்று. அதில் சிக்கலில்லை, குழப்பமெல்லாம் கலாங்க் (செங்குத்துச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கடல் உள்நுழையும் குறுகிய குடா) நிறைந்த கடற்கரையில்தான்.

மர்சேயின் தெற்கு ஓரத்துக் காலெலோங்கில் தொடங்கும் சிவப்பு வெள்ளைக் குறிப் பாதை (நெடுந்தூர நடைபாதை எண் ஜிஆர் 98-51) கிழக்கே காசிஸ் ஊர் வரை ஏறக்குறைய 28 கி.மீ. வரைபடத்தில் ஒருநாள் வேலை மாதிரி இருக்கும், ஏமாறக் கூடாது. ஒவ்வொரு கலாங்குக்கும் இறங்கி ஏற வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் மாற்றிய பிறகு மாலை ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும். இந்தக் கடற்கரை தேசியப் பூங்கா, அதற்குள் கூடாரம் போடத் தடை. அதனால் இரண்டாம் நாள் சோர்மியூ, மோர்ஜியூ கலாங்குகளைத் தாண்டி, அடுத்த கலாங்கான சுகிட்டனிலிருந்து மேலேறி, மர்சேய் ஓரத்து லுமினியில் ஊருக்குத் திரும்பும் பேருந்து. மூன்றாம் நாள் அங்கிருந்தே காசிஸுக்குத் தொடர்ச்சி. வழியில் குழாய் கிடையாது, ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: சுகிட்டனுக்கும் காசிஸ் பக்கத்துக் கலாங்கான ஆன்வோவுக்கும் நடுவே தெவென்சோன் செங்குத்தில் சரளை எவ்வளவு மோசம்? ஆன்வோ இறக்கத்தில் பலர் கால்பட்டுச் சுண்ணாம்புப் பாறை கண்ணாடி மாதிரி வழுக்குமாமே, காசிஸிலிருந்து எதிர்த்திசையில் ஏறி வருவது மேலா? மிஸ்ட்ரால் (வடக்கிலிருந்து வரும் பலத்த காற்று) அடித்தால் எந்த இடத்தில் பாதையை விட்டு உள்பக்கம் திரும்பலாம்? காசிஸ் ரயில் நிலையம் ஊரிலிருந்து 3 கி.மீ. தள்ளி; மாலையில் பேருந்து நம்பலாமா?