இன்டர்ன்ஷிப்பில் பரிவு ஒட்டிக்கொண்ட விதம்

நோயாளியிடம் கனிவாக இருப்பது பிறவிக் குணம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நர்சிங் இன்டர்ன்ஷிப்பில் நான் பார்த்தவரை, ஒரு வார்டில் அன்பாகப் பேசும் அதே மாணவி அடுத்த வார்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். பெரும்பாலும் அது உடன் இருக்கும் சீனியரைப் பொறுத்தது.

மெடிக்கல் வார்டில் எங்களுக்கு வாய்த்த சிஸ்டர் அதிகம் பேசமாட்டார். ஊசி போடுமுன் ஸ்க்ரீனை இழுத்துவிடுவார். "ஐயா, கொஞ்சம் சுருக்குனு இருக்கும், கையைத் தளர்வா விடுங்க" என்பார். முடிந்ததும் ட்ரேயைத் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார். பிளாஸ்டரின் ஓரத்தை விரலால் நீவிவிட்டு, அழைப்பு மணி கைக்கு எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பரிவு பற்றி எங்களுக்கு ஒரு வகுப்பும் எடுத்ததில்லை. ஆனாலும் கொஞ்ச நாளில் நாங்கள் எல்லோரும் மணியை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கட்டிலை விட்டு வந்தோம்.

அடுத்த வார்டு நேரெதிர். அங்கே நோயாளிக்குப் பெயர் கிடையாது, கட்டில் எண்தான். ஒரு பாட்டியின் பேச்சை நின்று கேட்ட என் தோழியை, "கதை கேட்கவா வந்தே?" என்று எல்லார் முன்னாலும் அதட்டினார்கள். மறுநாளிலிருந்து அவள் வைட்டல்ஸ் (நாடி, ரத்த அழுத்தம் போன்ற அளவுகள்) எழுதியதும் நகர்ந்துவிடுவாள். பயந்துபோன பிள்ளையிடம் கனிவை எதிர்பார்ப்பது அநியாயம்.

கைத்திறனும் இதில் சேர்த்தி. ஐவி (நரம்பு வழியாக மருந்து ஏற்றும் ஊசி) போடப் பழகும் நாட்களில் கவனம் முழுக்க நரம்பில்தான் இருக்கும், நோயாளியின் முகம் கண்ணில் படாது. கை பழகிய பிறகுதான் "வலிக்குதாம்மா?" என்று கேட்கவே தோன்றியது. 1984-இல் வெளிவந்த, நர்சிங் ஆய்வாளர் லார்சனின் ஆய்வில் புற்றுநோயாளிகள் முதலிடம் கொடுத்தது, ஊசியையும் ஐவியையும் கருவிகளையும் சரியாகக் கையாளத் தெரிந்த நர்சுக்கு. அவருடைய பின்னொரு ஆய்வில் நர்சுகளோ காதுகொடுத்துக் கேட்பதை மேலே வைத்தார்கள். நோயாளிகள் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன். தடுமாறும் கையோடு வரும் இனிய பேச்சு யாருக்கும் தெம்பு தராது.

ஆள் பற்றாக்குறையும் தொடர் நைட் ஷிஃப்டும் கனிவைக் குறைப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

மாணவிகளை மேற்பார்க்கும் சிஸ்டர்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். திருத்த வேண்டியதை நோயாளியின் காதுக்கு எட்டாத இடத்தில் வைத்துத் திருத்துங்கள். முடிந்தவரை ஒரே நோயாளியைச் சில நாட்கள் தொடர்ந்து பார்க்க விடுங்கள். தினமும் ஆள் மாறினால் கேஸ் ஷீட்டைத்தான் படிக்க முடிகிறது. தொடர்ந்து பார்த்தால், மாத்திரையை விழுங்கச் சிரமப்படுகிறார் என்பதுகூட அவர் சொல்லாமலே தெரிகிறது.