பொருள்: டிராப்லெட், ஏரோசால் – தமிழில் என்ன போடலாம்?

சாட்ஸ்வர்த்திலிருந்து:
தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம். மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பார்க்கப் போகும் நம் பெரியவர்களுக்காக ஒரு பக்கத் துண்டறிக்கை தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். கை கழுவுவது முடிந்தது: சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி, சானிடைசர் என்றால் 20 முதல் 30. இருமலில்தான் மாட்டிக்கொண்டேன். ஃப்ளூக்காரர் இருமினால் தெறிப்பதில் பெரும்பகுதி ஓரிரு மீட்டருக்குள் விழுந்துவிடும். டிபி கிருமியைச் சுமக்கும் நுண்துகளோ மணிக்கணக்கில் அறையில் மிதக்கும். முன்னதை டிராப்லெட் என்றும் பின்னதை ஏரோசால் என்றும் ஆங்கிலத்தில் சொல்கிறோம்; இரண்டுக்கும் தனித்தனித் தமிழ்ச் சொல் வேண்டும். திவலை, வளிமக் கரைசல் என்று எழுதினேன்; வகுப்பில் ஒருவருக்கும் புரியவில்லை.

ஃபீனிக்ஸிலிருந்து:
சிறு துளிக்குத் துமி என்ற சொல் இருக்கக் கவலை ஏன்? கம்பர் ஆண்ட சொல். அது வழக்கிலேயே இல்லை என்று ஒட்டக்கூத்தர் மறுக்க, மோர் கடைந்த ஆய்ச்சி பிள்ளைகளிடம் “துமி தெறிக்கும், தள்ளிப் போங்கள்” என்றாளாம். தொற்றுத் தடுப்பே அதுதானே! டிராப்லெட் துமி, ஏரோசால் நுண்துமி. துளி, துவலை, தூறல், தூவானம் எல்லாம் ஒரே வேர். துகளும் தூளியும்கூட அந்தக் குடும்பமே என்பேன்.

லெனேசியாவிலிருந்து:
ஐயா, தூளி வடசொல். எங்கள் வீட்டில் தூளி என்றால் குழந்தை தூங்கும். துமி அழகுதான், ஆனால் துண்டறிக்கையோடு ஆய்ச்சியையும் அனுப்ப வேண்டியிருக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:
நான் செவிலி. நுண்துமி என்றால் சின்னது, ஆபத்தும் சின்னது என்றே எடுத்துக்கொள்வார்கள். நிலைமை நேர்மாறு. நம் குவாசுலு-நட்டால் மாகாணத்து டுகெலா ஃபெரி என்ற ஊரில் எக்ஸ்டிஆர் டிபி (முக்கிய மருந்துகள் பலவற்றுக்கும் கட்டுப்படாத காசநோய்) கண்ட 53 பேரில் 52 பேர் இறந்த செய்தி 2006இல் வெளிவந்தது. மருத்துவமனைக்குள்ளேயே பரவியதற்கான தடயமும் இருந்தது. அப்புறம், 5 மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) கோடு கிழித்து, பெரியது டிராப்லெட், சிறியது ஏரோசால் என்று இரண்டாகப் பிரிப்பதையே உலக சுகாதார நிறுவனம் 2024இல் கைவிட்டு, எல்லாவற்றையும் தொற்றுள்ள சுவாசத் துகள் என்று ஒரே பெயரில் அடக்கிவிட்டது. ‘மூச்சுத்துகள்’ ஒன்றே போதும். கூடவே ‘ஜன்னலைத் திறந்து வையுங்கள்’ என்று பெரிய எழுத்தில் போடுங்கள், அக்கா.

ஃபீனிக்ஸிலிருந்து:
இருமித் தெறிப்பது மூச்சா, தங்கச்சி? மூச்சு வேறு, எச்சில் வேறு.

லெனேசியாவிலிருந்து:
அட, ‘எச்சில் துளி’யே போதுமே! எச்சில் என்று கேட்டதும் எங்கள் ஆயா தானாக இரண்டடி தள்ளி நிற்பார்.

சாட்ஸ்வர்த்திலிருந்து:
சரி, தெறிப்பதற்கு எச்சில் துளி, மிதப்பதற்கு மூச்சுத்துகள். கோடு கிழித்தாலும் கிழிக்காவிட்டாலும், தள்ளி நிற்பதையும் ஜன்னல் திறப்பதையும் தனித்தனியாகத்தான் சொல்லியாக வேண்டும். மூன்று பேர் சம்மதம். ஐயா மன்னிக்கவும்.

ஃபீனிக்ஸிலிருந்து:
அடைப்புக்குறிக்குள்ளாவது துமி என்று போடுங்கள். வழக்கில் இல்லை என்றுதான் அன்றைக்கும் சொன்னார்கள்.